கியூப் தரவிலிருந்து பட்டை வரைபடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிப்போர்ட் தயாரிக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். ஒவ்வொரு தடவையும் பலகையில் கட்டம் போட்டு விளக்கி அலுத்துப்போய், ஒரே இடத்தில் எழுதிவைத்தது இது. கேள்விகளை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே விட்டிருக்கிறேன். எடுத்துக்காட்டில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. கியூப்பிடம் கேள்வி கேட்கும் மொழி எம்டிஎக்ஸ் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். வேறு மொழியில் வேலை செய்பவர்களுக்கும் சிக்கல்கள் இவைதான். ஃபங்ஷன்களின் பெயர்தான் மாறும்.

கியூப் கியூப் என்கிறீர்களே, அது என்ன? டேபிளிலும் இதே எண்கள்தானே இருக்கின்றன?

டேபிளில் ஒவ்வொரு வரியும் ஒரு நிகழ்வு: இந்தத் தேதியில், இந்தப் பொருள், இத்தனை விற்றது. கியூப்பில் ஒவ்வொரு எண்ணும் ஒரு முகவரியில் இருக்கிறது. "மார்ச் 2024, வடக்கு மண்டலம், மின்விசிறி, விற்பனைத் தொகை" என்று சொன்னால் ஒரு செல் கிடைக்கும். மார்ச்சை எடுத்துவிட்டு வெறும் 2024 என்று சொன்னாலும் ஒரு செல் கிடைக்கும். அந்த ஆண்டின் மொத்தத்தைப் போட்டுத் தருவது கியூப்பின் பொறுப்பு. தேதி, மண்டலம், பொருள் எல்லாம் டைமென்ஷன்கள். அளக்கப்படும் எண் மெஷர். டைமென்ஷனுக்குள் இருக்கும் ஒவ்வொரு உருப்படியும் மெம்பர். ஆண்டு, காலாண்டு, மாதம் என்று இறங்கும் படிகள் லெவல்கள். அந்தப் படிகள் சேர்ந்த முழு அடுக்கு ஹைரார்க்கி.

சார்ட் கருவிகளில் பெரும்பாலானவை டேபிளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. வரிகள் வந்தால் கூட்டிப் பட்டையாக்கிவிடும். கியூப்பிலிருந்து வருவதோ ஏற்கெனவே கூட்டிய எண். கீழே வரும் தலைவலிகளில் பெரும்பகுதி இந்த ஒரு பொருத்தமின்மையிலிருந்து முளைப்பவை. ஒரு வேடிக்கை: டேபிள்களை அடிப்படையாகக் கொண்ட தரவுத்தள மாதிரியை 1970இல் முன்வைத்தவரும், 1993இல் கியூப் சார்ந்த இந்த முறைக்கு ஓலாப் என்ற பெயரைப் பரவச் செய்த அறிக்கையை எழுதியவரும் ஒரே ஆள்தான், எட்கர் காட்.

பை சார்ட்தான் அழகாக இருக்கிறது என்கிறார் மேலாளர். பட்டையே போட வேண்டுமா?

ஒப்பிடுவதுதான் நோக்கம் என்றால் பட்டைதான். 1984இல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒரே அளவுகோலில் நுனிகள் எங்கே நிற்கின்றன என்று பார்க்கும்போது கண் குறைவாகத் தவறுகிறது. கோணத்தைப் பார்த்து மதிப்பிடும்போது அதிகம் தவறுகிறது. 23 சதவீதமும் 26 சதவீதமும் பை சார்ட்டில் ஒன்றுபோலத் தெரியும், பட்டையில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

மேலாளரிடம் வாதாட வேண்டாம். அதே தரவை இரண்டு விதமாகவும் போட்டு, எண்களை மறைத்துவிட்டு, "மூன்றாவது பெரியது எது?" என்று மட்டும் கேளுங்கள்.

கியூப்பில் பத்து டைமென்ஷன் இருக்கிறது. சார்ட்டில் இருப்பது இரண்டே அச்சு. மீதியை என்ன செய்வது?

பட்டை வரைபடத்தில் உங்களுக்கு மூன்று இடங்கள் உண்டு. பட்டைகள் வரிசையாக நிற்கும் அச்சில் ஒரு டைமென்ஷன். நிறத்தால் பிரியும் தொடரில் இன்னொன்று. பட்டையின் நீளம் மெஷருக்கு. மீதி எல்லா டைமென்ஷனும் ஸ்லைசருக்குப் போகும். அதாவது ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு மெம்பரில் நிலைநிறுத்தப்படும். எதையும் "விட்டுவிட" முடியாது. இது ஏன் முக்கியம் என்பது கீழே, வடிகட்டாமலேயே எண் ஒத்துப்போகாததைப் பற்றிய கேள்வியில் வரும்.

பட்டை வரைபடம் பிறந்ததே இப்படித்தான். 1786இல் வில்லியம் பிளேஃபேர், ஸ்காட்லாந்து 17 இடங்களோடு செய்த வணிகத்தை வரைந்தார். இடத்துக்கு இரண்டு பட்டை: இறக்குமதி ஒன்று, ஏற்றுமதி ஒன்று. பல ஆண்டுத் தரவு கையில் இருந்திருந்தால் தன் வழக்கப்படி கோடாக வரைந்திருப்பார்; கிடைத்தது ஒரே ஓர் ஆண்டின் கணக்கு, அதனால் பட்டைக்குப் போனார். நம் மொழியில் சொன்னால், இடம் அச்சில், இறக்குமதியும் ஏற்றுமதியும் தொடரில், காலம் ஸ்லைசரில். காலத்தை ஸ்லைசரில் பூட்டினால் பட்டை, காலத்தை அச்சில் விரித்தால் கோடு என்ற வழக்கம் இன்றைக்கும் பெரும்பாலும் பொருந்துகிறது. காலப் புள்ளிகள் பன்னிரண்டுக்குள் இருந்தால் பட்டையும் தாங்கும்.

பட்டை நிற்க வேண்டுமா, படுக்க வேண்டுமா?

காலம் என்றால் நிற்கட்டும். பெயர்கள் என்றால் படுக்கட்டும். பெயர்களைச் சாய்த்து எழுத வேண்டிய நிலை வந்தால், பட்டையைப் படுக்கப் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். தமிழ்ப் பெயர்கள் நீளமானவை. எனக்குப் பாதி ரிப்போர்ட்டுகள் படுக்கையில்தான் முடிகின்றன. படுக்கப் போட்டதும் வரிசை தலைகீழாகி முதல் உருப்படி அடியில் போய் நிற்கும் கருவிகள் உண்டு. அச்சைத் திருப்பும் அமைப்பைத் தேடுங்கள்.

ஒரே ஒரு பட்டை மட்டும் மலை மாதிரி நிற்கிறது. மற்றதெல்லாம் எறும்பு மாதிரி தெரிகிறது. ஏன்?

அந்த மலையின் பெயரைப் பாருங்கள். "ஆல்" என்றோ "அனைத்தும்" என்றோ இருக்கும். ஒரு ஹைரார்க்கியின் எல்லா மெம்பர்களையும் கொடு என்று கேட்டால், உச்சியில் இருக்கும் மொத்த மெம்பரும் சேர்ந்தே வரும். அதுவும் ஒரு மெம்பர்தான். கியூப் தவறு செய்யவில்லை.

ஹைரார்க்கியின் மெம்பர்களைக் கேட்காமல் லெவலின் மெம்பர்களைக் கேளுங்கள். எம்டிஎக்ஸில் டைமென்ஷன், ஹைரார்க்கி என்று இரண்டு பெயரோடு நிறுத்தாமல், மூன்றாவதாக லெவலின் பெயரையும் எழுதிவிட்டு அப்புறம் மெம்பர்ஸ் போட்டால் மொத்தம் வெளியே நின்றுவிடும்.

மொத்தம் சரியாக இரண்டு மடங்காக வருகிறது. சில சமயம் மூன்று மடங்கு. என்ன மாயம்?

மேலே சொன்ன மலையின் தம்பி இது. மலையாவது கண்ணுக்குத் தெரியும், இவன் ஒளிந்திருப்பான். ஆண்டு, காலாண்டு, மாதம் மூன்று லெவல்களையும் ஒரே வினாவில் கேட்டிருப்பீர்கள். கியூப்பின் விடை சார்ட்டுக்குப் போகும் வழியில் தட்டையான டேபிளாக மாறுகிறது. அதில் ஆண்டு மொத்தத்துக்கு ஒரு வரி, நான்கு காலாண்டுகளுக்கு நான்கு வரி, மாதங்களுக்குப் பன்னிரண்டு வரி. சார்ட் ஆண்டை வைத்துத் தொகுத்து 17 வரிகளையும் கூட்டுகிறது. ஒவ்வொரு லெவலும் தனித்தனியாக அதே மொத்தத்தைத் தருவதால் சரியாக மூன்று மடங்கு. மடங்கு முழு எண்ணாக வந்தால் முதலில் லெவல்களை எண்ணுங்கள்.

தீர்வு: ஒரு சார்ட்டுக்கு ஒரு லெவல். கருவிக்குத் தகுந்த வேறு வழிகளும் உண்டு. மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் கருவியான ரிப்போர்ட்டிங் சர்வீசஸில் சம் என்பதற்குப் பதிலாக அக்ரிகேட் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்தினால், அது தானே கூட்டாமல் கியூப் கொடுத்த மொத்தத்தை எடுத்துக்கொள்ளும்.

ஒரே மெஷர்தான், ஒரே லெவல்தான். ஆனாலும் எல்லாப் பட்டையும் 1 என்று ஒரே உயரத்தில் இருக்கிறது.

கியூப்பின் ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு முகங்கள்: மதிப்பு ஒன்று, வடிவமைத்த மதிப்பு ஒன்று. முன்னது 1234567 என்ற எண். பின்னது காற்புள்ளியும் குறியீடும் சேர்ந்த எழுத்துச் சரம். நீங்கள் பின்னதை இழுத்துப் போட்டிருப்பீர்கள். எழுத்தைக் கூட்ட முடியாது, அதனால் சார்ட் எண்ணத் தொடங்கிவிடுகிறது. ஒரு மெம்பருக்கு ஒரு வரி, ஆகவே 1. பட்டைக்கு மதிப்பைக் கொடுங்கள். வடிவமைத்ததைப் பட்டையின் மேல் எழுதும் லேபிளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாதங்கள் தாறுமாறாக வருகின்றன. கியூப்பில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது.

கியூப்பில் மாதம் அதன் சாவியை வைத்து வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். 202401, 202402 என்பது மாதிரி. பல ரிப்போர்ட் கருவிகள் தாமாகவே பெயர்வரிசையைப் புகுத்திவிடுகின்றன. ஆங்கிலப் பெயர்கள் என்றால் ஏப்ரல் முதலிலும் செப்டம்பர் கடைசியிலும் வரும். தமிழில் எழுதியிருந்தால் அக்டோபர் முதலிலும் மே கடைசியிலும் வந்து நிற்கும். இந்த இரண்டு வரிசையில் ஒன்றைக் கண்டதுமே காரணம் தெரிந்துவிடும். சார்ட்டின் வரிசைப்படுத்தலை நீக்குங்கள், இல்லையென்றால் மாதத்தின் சாவியையும் வினாவில் கேட்டு வாங்கி அதை வைத்து வரிசைப்படுத்துங்கள்.

இன்னொன்றையும் கூடவே பாருங்கள். "மாதத்தின் பெயர்" என்ற பண்பும் "ஆண்டோடு சேர்ந்த மாதம்" என்ற லெவலும் வெவ்வேறு. முன்னதை அச்சில் வைத்தால் கியூப்பில் உள்ள எல்லா ஆண்டுகளின் ஜனவரியும் ஒரே பட்டைக்குள் புகுந்துகொள்ளும். பருவகால ஏற்ற இறக்கத்தைப் பார்க்க அது உதவும். மாதாந்திர விற்பனை என்று தலைப்புப் போட்டு அதைக் காட்டினால் வம்பு.

விற்பனையே நடக்காத மாதம் சார்ட்டிலிருந்து காணாமல் போய்விடுகிறது. வெற்றிடமாவது விட வேண்டாமா?

விட வேண்டும். பெரும்பாலான வினாக் கருவிகள் அச்சில் நான் எம்ப்டி என்ற சொல்லைத் தாமே சேர்த்துவிடும். விடையே இல்லாத மெம்பர்களை அது தூக்கிவிடும். ஆயிரம் பொருள்களில் நாற்பது மட்டும் விற்றிருந்தால் அது வரம். கால அச்சில் அது கேடு: மே மாதத்துக்குப் பக்கத்தில் ஜூலை ஒட்டி நின்றால், ஜூனில் ஒன்றுமே நடக்கவில்லை என்ற முக்கியமான செய்தி மறைந்துபோகிறது. கால அச்சில் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள், பொருள் அச்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்தபின் இன்னொரு சங்கடம்: இந்த ஆண்டில் இன்னும் வராத மாதங்களும் வெறுமையாக வந்து நிற்கும். அதற்கு வினாவில் தேதி எல்லை வையுங்கள். வெற்றுச் செல்லையெல்லாம் கோயலஸ்எம்ப்டி போட்டு 0 ஆக்கிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. "நடந்தது, ஆனால் பூஜ்யம்" என்பதும் "தரவே வரவில்லை" என்பதும் ஒன்றல்ல. எது என்று தரவு அனுப்புபவரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

லாப சதவீதம் 340 என்று காட்டுகிறது. அப்படி ஒரு வியாபாரம் இருந்தால் நான் ஏன் இங்கே வேலை பார்க்கிறேன்?

பதினேழு பொருள்களின் 20 சதவீதங்களைச் சார்ட் கூட்டியிருக்கிறது. முதல் கேள்வியில் சொன்ன பொருத்தமின்மை இங்கேதான் முழு உருவத்தோடு வரும். "சரி, சம் வேண்டாம், ஆவரேஜ் போடுகிறேன்" என்பதுதான் அடுத்த தவறு. 340 வந்தால் யாராவது சிரித்துக் கண்டுபிடிப்பார்கள். சராசரி வந்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதனால் அது இன்னும் மோசம்.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு பொருள் 1000க்கு விற்று லாபம் 100, அதாவது 10 சதவீதம். இன்னொன்று 100க்கு விற்று லாபம் 50, அதாவது 50 சதவீதம். இரண்டின் சராசரி 30. உண்மையில் மொத்த விற்பனை 1100, மொத்த லாபம் 150, ஆகவே 13.6 சதவீதம். 30க்கும் 13.6க்கும் இடையில் ஒரு முடிவே தலைகீழாகும்.

விகிதத்தைக் கியூப்பிலேயே கணக்கிட்ட மெம்பராக, அதாவது சூத்திரத்தால் மதிப்புப் பெறும் மெம்பராக, எழுதுங்கள். மேலே ஒரு மொத்தம், கீழே ஒரு மொத்தம், வகுத்தல் கடைசியில். அப்புறம் எந்த லெவலில் பட்டை வேண்டுமோ அந்த லெவலையே நேரடியாகக் கேளுங்கள். ஒரு பட்டைக்கு ஒரே வரி வந்தால் சார்ட் சம் போட்டாலும் ஆவரேஜ் போட்டாலும் அதே எண்தான் வரும். நான் சோதிக்கும் முறையும் இதுதான்: சம் என்பதை மேக்ஸ் என்று மாற்றிப் பார்ப்பேன். எதிர்மறை எண் கலந்திருந்தாலும் பட்டை அசையக் கூடாது. அசைந்தால், எங்கோ ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் ஒரு பட்டைக்குள் நுழைகின்றன.

கிடங்கு இருப்பை மாதவாரியாகப் போட்டால் சரி. காலாண்டுவாரியாகப் போட்டால் மூன்று மடங்காகிறது. லெவல் கலக்கவில்லை, பார்த்துவிட்டேன்.

இந்தத் தடவை சார்ட் குற்றவாளி இல்லை, கியூப்தான். இருப்பு, ஊழியர் எண்ணிக்கை, வங்கி மீதி இவையெல்லாம் மண்டலம் முழுதும் கூட்டலாம், காலம் முழுதும் கூட்டக் கூடாது. ஜனவரி முடிவில் 500, பிப்ரவரி முடிவில் 480, மார்ச் முடிவில் 510 என்றால் காலாண்டின் இருப்பு 510. 1490 என்று ஒரு கிடங்கு கிடையாது. கியூப் வடிவமைத்தவர் அந்த மெஷரின் கூட்டுமுறையைச் சம் என்றே விட்டிருப்பார். அதைக் கடைசி மதிப்பு அல்லது காலச் சராசரி என்று மாற்றச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் மூன்றால் வகுத்து ஒட்டுப்போட வேண்டாம்.

இருநூறு பொருள்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே சார்ட்டில் கேட்கிறார்கள்.

டாப்கவுண்ட் ஃபங்ஷனில் முதல் பத்தை எடுங்கள். அதுவே பெரியதிலிருந்து சிறியது வரை வரிசைப்படுத்தியும் தரும். மீதி 190ஐ "மற்றவை" என்று ஒரே பட்டையாக்குங்கள். அந்தப் பட்டை இல்லையென்றால் படிப்பவர் பத்தையே முழு வியாபாரம் என்று எடுத்துக்கொள்வார். மற்றவையைக் கடைசியில், மங்கலான நிறத்தில் வையுங்கள்; அளவில் அது முதல் பட்டையைவிடப் பெரிதாக இருந்தாலும் இடம் கடைசிதான்.

மொத்தத்திலிருந்து பத்தைக் கழித்து மற்றவையைப் போடலாமே என்று தோன்றும். விற்பனைத் தொகைக்குச் சரி. தனித்த வாடிக்கையாளர் எண்ணிக்கை மாதிரியான மெஷருக்கு ஆகாது. ஒரே ஆள் முதல் பத்திலும் வாங்கியிருப்பார், மற்றவையிலும் வாங்கியிருப்பார். எக்செப்ட் மூலம் மீதிக் கணத்தை எடுத்து, அதன்மேல் அக்ரிகேட் போடுங்கள். மெஷரை எப்படிக் கூட்ட வேண்டும் என்பது கியூப்புக்குத் தெரியும். மண்டலத்துக்கு ஒரு முதல் பத்து வேண்டும் என்றால் வெறும் டாப்கவுண்ட் போதாது. அது ஒரே பத்தை எடுத்து எல்லா மண்டலத்துக்கும் காட்டும். ஜெனரேட்டுக்குள் அதை வைத்து மண்டலம் மண்டலமாகச் சுற்ற வேண்டும்.

தொடரில் நாலு மண்டலம். அடுக்கி வைப்பதா, பக்கத்தில் பக்கத்தில் வைப்பதா?

என்ன கேள்விக்கு விடை என்பதைப் பொறுத்தது. மொத்தம் எப்படி மாறியது, அதில் யார் பங்கு எவ்வளவு என்றால் அடுக்குங்கள். மண்டலங்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும் என்றால் பக்கத்தில் பக்கத்தில். அடுக்கில் அடியில் இருப்பது மட்டுமே தரையில் நிற்கிறது. மேலே உள்ளவை எல்லாம் மிதக்கின்றன, அவற்றின் நீளத்தைக் கண்ணால் ஒப்பிடுவது கடினம். அதனால் நீங்கள் எந்த மண்டலத்தைப் பற்றிப் பேசப்போகிறீர்களோ அதை அடியில் வையுங்கள்.

அடுக்கக் கூடாதவை: எதிர்மறை மதிப்பு கலந்தவை, விகிதங்கள், மேலே சொன்ன தனித்த எண்ணிக்கை. இவற்றை அடுக்கினால் அடுக்கின் உயரத்துக்கு எந்தப் பொருளும் கிடையாது.

எல்லாப் பட்டையும் ஒரே உயரமாகத் தெரிகிறது. அச்சை 900இலிருந்து தொடங்கினால் வித்தியாசம் தெரிகிறதே?

பட்டையில் நீளம்தான் செய்தி. 950ஐயும் 1000ஐயும் 900இலிருந்து வரைந்தால் ஒன்று மற்றதில் பாதியாகத் தெரியும். உண்மையில் வித்தியாசம் 5 சதவீதம். 0விலிருந்து தொடங்குங்கள். சிறு வித்தியாசம்தான் செய்தி என்றால், வித்தியாசத்தையே மெஷராக்கி அதைப் பட்டையாகப் போடுங்கள்; சென்ற ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிட பேரலல்பீரியட் ஃபங்ஷன் இருக்கிறது.

பட்டையைக் கிளிக் செய்தால் உள்ளே இறங்கும்படி செய்தேன். சில பட்டைகள் வேறு இடத்துக்குப் போகின்றன.

கிளிக்கோடு பெயரை அனுப்பியிருப்பீர்கள். "உதிரிபாகம்" என்ற துணைப்பிரிவு மின்விசிறிக்கும் இருக்கும், பம்ப்புக்கும் இருக்கும். பெயர் ஒன்று, மெம்பர் வேறு. ஒவ்வொரு மெம்பருக்கும் யூனிக் நேம் என்று முழு முகவரி உண்டு. அதை வினாவில் வாங்கி, கிளிக்கில் அதையே அனுப்புங்கள்.

இதே கோளாறு கிளிக் இல்லாமலும் நடக்கும். சார்ட் பெயரை வைத்துத் தொகுத்தால் இரண்டு உதிரிபாகமும் ஒரே பட்டையாக ஒட்டிக்கொள்ளும், எந்தப் பிழைச்செய்தியும் வராது. ஒரு ரிப்போர்ட்டில் இது பல மாதம் என் கண்ணில் படாமலே ஓடியது. பட்டைகளை எண்ணிப் பார்த்தபோது ஒன்று குறைந்தது, அப்போதுதான் பிடிபட்டது. தொகுப்பது யூனிக் நேம் வைத்து, காட்டுவது பெயர்.

நான் எதையுமே வடிகட்டவில்லை. ஆனாலும் எண்கள் கணக்குப் பிரிவின் எண்களோடு ஒத்துப்போகவில்லை.

வினாவில் நீங்கள் சொல்லாத டைமென்ஷனைக் கியூப் புறக்கணிப்பதில்லை. அதன் இயல்பு மெம்பரை எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் அது மொத்த மெம்பர், அதனால் பிரச்சினை தெரியாது. ஆனால் "நடப்பு, பட்ஜெட், கணிப்பு" என்ற டைமென்ஷனைப் பாருங்கள். இவற்றைக் கூட்டுவதில் அர்த்தமே இல்லை என்பதால் அங்கே மொத்த மெம்பரே வைக்க மாட்டார்கள். இயல்பு மெம்பர் எது என்று யாரும் குறிப்பிடாவிட்டால், கியூப்பே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். அது பட்ஜெட்டாக இருந்தால் உங்கள் "விற்பனை" சார்ட் முழுதும் ஆசைகளின் சார்ட்.

இந்த மாதிரி டைமென்ஷன்களை எப்போதும் ஸ்லைசரில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். நாணயம் இன்னொரு உதாரணம்.

மூன்று மண்டலத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால், "நிறுவன மொத்தத்தில் சதவீதம்" என்பதும் மாறி, மூன்றும் சேர்ந்து 100 ஆகிவிடுகிறது.

வடிகட்டி உட்கியூப்பாக, அதாவது தேர்ந்தெடுத்தவை மட்டுமே கொண்ட சிறு கியூப்பாக, எழுதப்பட்டிருக்கிறது. வினாக் கருவிகளின் வடிகட்டிப் பெட்டியில் போட்டால் வழக்கமாக அப்படித்தான் எழுதும். உட்கியூப்புக்குள் மொத்த மெம்பர் என்பது அந்த மூன்று மண்டலங்களின் மொத்தம்தான். தேர்ந்தெடுத்தவற்றுக்குள் பங்கு பார்க்க அது சரியான விடை. முழு நிறுவனத்தோடு ஒப்பிட வேண்டும் என்றால், மூன்று மண்டலங்களையும் வடிகட்டியில் போடாமல் அச்சில் கணமாக எழுதுங்கள். அப்போது மொத்த மெம்பர் உண்மையான மொத்தமாகவே இருக்கும். இரண்டில் எது என்று சார்ட்டின் அடியில் ஒரு வரி எழுதுவது பின்னால் வரும் பத்து மின்னஞ்சல்களைத் தடுக்கும்.

என் திரையில் ஒரு எண், மேலாளர் திரையில் வேறு எண். ஒரே ரிப்போர்ட்தான்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். கியூப் கடைசியாக எப்போது ப்ராசஸ் ஆனது, அதாவது புதிய தரவை எப்போது ஏற்றிக்கொண்டது, ரிப்போர்ட் சேமித்துவைத்த பழைய நகலைக் காட்டுகிறதா என்று பாருங்கள். ப்ராசஸ் ஆன நேரத்தை அடிக்குறிப்பில் அச்சிடுவது நல்ல பழக்கம்.

அதில் இல்லையென்றால் அனுமதிகள். உங்கள் ரோலுக்கு, அதாவது உங்களுக்குத் தரப்பட்ட அனுமதித் தொகுப்புக்கு, வடக்கு மண்டலம் மட்டுமே தெரியலாம். இதில் ஒரு நுணுக்கம்: மைக்ரோசாஃப்டின் கியூப் சர்வரான அனாலிசிஸ் சர்வீசஸில், தெரிகிற மெம்பர்களை மட்டும் கூட்டி மொத்தம் காட்டும் விஷுவல் டோட்டல்ஸ் என்ற அமைப்பு ரோலுக்கு இயல்பாக அணைந்திருக்கும். அதனால் வடக்கு மட்டும் பார்க்கும் ஆளுக்கும் மொத்தம் முழு நிறுவனத்துடையதாகவே வரும். தெரிகிற பட்டைகளைக் கூட்டினால் மொத்தம் வராது. அது வெறும் குழப்பம் மட்டுமல்ல. இரண்டே மண்டலம் இருந்தால் மறைத்த மண்டலத்தின் எண்ணைக் கழித்தே கண்டுபிடித்துவிடலாம்.

பன்னிரண்டு பட்டைக்கு நாலு நிமிஷம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு பட்டைக்குப் பன்னிரண்டு செல் போதும். நீங்கள் எத்தனை கேட்கிறீர்கள்? 365 நாளும் 200 பொருளும் குறுக்கே பெருக்கினால் 73,000 சேர்க்கைகள். அவற்றையெல்லாம் இழுத்துவந்து, ரிப்போர்ட்டில் மாதவாரியாகக் கூட்டினால் நேரமும் போகும், லாப சதவீதத்தில் பார்த்த தவறும் கூடவே வரும். லெவலை உயர்த்திக் கேளுங்கள்.

வளர்ச்சிப் பட்டையும் லாப சதவீதமும் சந்திக்கும் இடத்தில் மட்டும் விசித்திரமான எண் வருகிறது. மற்ற எல்லாம் சரி.

இரண்டு கணக்கிட்ட மெம்பர்கள் ஒரே செல்லில் மோதுகின்றன. 2023இல் விற்பனை 1000, லாபம் 200, சதவீதம் 20. 2024இல் விற்பனை 1200, லாபம் 210, சதவீதம் 17.5. "மாற்றம்" என்ற மெம்பர் 2024இலிருந்து 2023ஐக் கழிக்கிறது. "லாப சதவீதம்" என்ற மெம்பர் லாபத்தை விற்பனையால் வகுக்கிறது. இரண்டும் சந்திக்கும் செல்லில் எதை முதலில் செய்வது? சதவீதங்களைப் போட்டுவிட்டுக் கழித்தால் −2.5 புள்ளி. கழித்துவிட்டு வகுத்தால் லாப மாற்றம் 10, விற்பனை மாற்றம் 200, விடை 5 சதவீதம். ஒன்று இறங்குகிறது, மற்றொன்று ஏறுகிறது. பட்டை அச்சுக்குக் கீழே தொங்குவதா மேலே நிற்பதா என்பதே மாறிப்போகிறது.

இதைத் தீர்மானிப்பது சால்வ் ஆர்டர். சிறிய எண் கொண்டது முதலில் கணக்கிடப்படும், பெரிய எண் கொண்டது அதன்மேல் வேலை செய்யும். நமக்கு வேண்டியது −2.5 என்றால் மாற்றத்துக்குப் பெரிய எண் கொடுங்கள். கூடுதலாக விற்ற 200இல் எவ்வளவு லாபம் தேறியது என்பதே கேள்வி என்றால் 5தான் சரி, அதற்குச் சதவீதத்துக்குப் பெரிய எண். அப்போது பட்டையின் பெயரையும் மாற்றிவிடுங்கள். "லாப சதவீத மாற்றம்" என்ற பெயரில் 5 என்று ஏறி நிற்கும் பட்டையைப் பார்ப்பவர், சதவீதம் 20இலிருந்து 17.5க்கு இறங்கியதை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்.